மெயில் மட்டுமே அனுப்பத் தெரிந்த சாதனங்கள்: இன்பாக்ஸை ஆன்-கால் அலர்ட்டோடு இணைப்பது எப்படி?

கேள்வி: நடுநிசி_முறை

வணக்கம்.

எங்களுடையது சின்ன டீம். வாரம் ஒருவராக இரவு முறை (ஆன்-கால்) பார்க்கிறோம். சர்வர்கள் விஷயத்தில் கவலை இல்லை. புரோமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் கவனிக்கிறது, அதன் அலர்ட் அலர்ட்மேனேஜர் வழியாக, ஆளை அழைக்கும் சேவையான பேஜர்டியூட்டிக்குப் போகிறது, முறையில் இருப்பவரின் போன் அடிக்கிறது. சிக்கல் மற்ற சாதனங்களோடுதான். யூபிஎஸ், பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைந்த டிஸ்க் சேமிப்பகம்), சர்வர் அறையில் மாட்டியிருக்கும் வெப்பநிலை சென்சார், பேக்கப் மென்பொருள், டிஎல்எஸ் சான்றிதழ் காலாவதி நினைவூட்டல். இவை எல்லாம் ஏதாவது நடந்தால் மெயில் அனுப்பும், அதோடு சரி. எல்லாமே ஒரே பொது இன்பாக்ஸுக்கு வருகின்றன. செய்திமடல், பில், விற்பனை மெயில் எல்லாம் வந்து விழுவதும் அங்கேதான். இரவில் அதை யாரும் திறப்பதில்லை.

போன வாரம் நாஸில் ஒரு டிஸ்க் பழுதானது. மெயில் இரவு 1:40க்கே வந்துவிட்டது. காலையில் ஒருவர் பார்த்தபோது அதே தொகுப்பில் இரண்டாவது டிஸ்கும் பிழை காட்டத் தொடங்கியிருந்தது. டேட்டா தப்பியது. ஆனால் இன்னொரு முறை இந்த நிலைக்கு விட எனக்கு மனமில்லை.

எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறார். கிரானில் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி) 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும். ஐமேப் (இன்பாக்ஸைப் படிப்பதற்கான நெறிமுறை) வழியாக உள்ளே போய், படிக்காத மெயில்களை மட்டும் எடுத்து, சப்ஜெக்டில் 'எரர்', 'ஃபெயில்', 'கிரிட்டிக்கல்' இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் குழுவின் டெலிகிராமுக்கு அனுப்பும். யாராவது அந்த மெயிலை முதலில் போனில் திறந்துவிட்டால் அது 'படித்தது' ஆகிவிடுகிறது, ஸ்கிரிப்ட் அதைத் தொடுவதே இல்லை. மின்சாரம் விட்டுவிட்டு வரும் நேரத்தில் யூபிஎஸ் ஒரே விஷயத்துக்கு வரிசையாக மெயில் அனுப்பித் தள்ளுகிறது, அத்தனையும் டெலிகிராமில் கொட்டுகிறது. இதற்கு மேல், மெயில் சேவைக்காரர்கள் பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே வரும் வழியை மூடப்போவதாக அறிவிப்பு அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த ஸ்கிரிப்டையே சரிசெய்து அலர்ட்மேனேஜரோடு இணைக்கட்டுமா? அல்லது பேஜர்டியூட்டி கொடுக்கும் மெயில் முகவரிக்கு எல்லாவற்றையும் ஃபார்வர்டு செய்துவிடலாமா? இதைச் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: மணிக்கூண்டு

தம்பி, இரண்டு வழியையும் பேசலாம். அதற்கு முன் ஒரு வேலை. அந்தச் சாதனங்கள் ஒவ்வொன்றின் மெனுவுக்குள்ளும் போய் உட்காருங்கள். 'மெயில் மட்டும்தான் அனுப்பும்' என்று டீமில் சொல்லிக்கொண்டிருப்பது பல நேரம், முதலில் அமைத்தவர் மெயிலை மட்டும் அமைத்தார் என்பதுதான். யூபிஎஸ்ஸில் நெட்வொர்க் அட்டை இருந்தால் அது எஸ்என்எம்பி பேசும், அதாவது நெட்வொர்க் வழியாகக் கேட்டால் தன் நிலையைச் சொல்லும். நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவை எஸ்என்எம்பியும் சிஸ்லாகும் (பதிவுகளை வேறு சர்வருக்கு அனுப்பும் முறை) பேசும். புரோமீதியஸுக்கு எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர் இருக்கிறது, அந்தத் தகவலை அது படிக்கும் எண்ணாக மாற்றித் தரும். இந்த இரண்டையும் மெயிலிலிருந்து கழற்றிவிட்டால் உங்கள் இன்பாக்ஸ் பிரச்சினை பாதியாகக் குறையும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மெயில் என்றைக்குமே நேரத்துக்கு உத்தரவாதம் கொடுத்ததில்லை. மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியின் வரையறை, 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321 என்ற இணையத் தர ஆவணம். ஒரு மெயில் முதல் முயற்சியில் போகவில்லை என்றால் மறு முயற்சிக்கு முன் பொதுவாகக் குறைந்தது 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், 4, 5 நாள் வரை முயன்று பார்த்துவிட்டுத்தான் கைவிட வேண்டும் என்கிறது அது. அந்த மெயில் சேவை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, ஆனாலும் உங்கள் அலர்ட் அரை மணி நேரம் தாமதம். பெறும் பக்கத்தில் கிரேலிஸ்டிங் இருந்தால், முன்பின் தெரியாத அனுப்புநரை முதல் தடவை வேண்டுமென்றே 'பிறகு வா' என்று திருப்பி அனுப்பும். நாஸ், சென்சார் மாதிரி சின்னப் பெட்டிகளில் பலவற்றுக்கு மறுபடி முயல்வதற்கான வரிசையே கிடையாது. ஒரு தடவை அனுப்பும், போகாவிட்டால் விட்டுவிடும். அதனால் சாதனங்களை நேரடியாக வெளி மெயில் சேவையோடு பேச விடாதீர்கள். உள்ளே ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் ரிலே (மெயிலை வாங்கி முன்னனுப்பும் சர்வர்) வைத்து அதனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வரிசை வைத்து மறுபடி முயல்வது அதன் பொறுப்பு.

சர்வர் அறை வெப்பநிலையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மெயிலை நம்பி விடாதீர்கள். குளிரூட்டி நின்றால் சின்ன அறையில் சூடு நிமிடக்கணக்கில் ஏறும். அந்த சென்சாருக்கு எச்டிடிபி பக்கம் ஒன்று இருந்தால்கூடப் போதும், அதைப் படித்து எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். எதுவுமே இல்லை என்றால் சென்சாரையே மாற்றுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி.

மிச்சம் இருப்பது பேக்கப்பும், சான்றிதழும், இன்னும் ஒன்றிரண்டும். இவற்றுக்கு மெயில் சரிதான்.

இப்போது உங்கள் கேள்வி. நான் ஃபார்வர்டு பக்கம்தான். இன்பாக்ஸைப் போய்ப் படிக்கும் நிரல் எதுவானாலும் அதை ஒருவர் வளர்க்க வேண்டும்: உள்ளே போவதற்கான டோக்கன் காலாவதியாகும், இணைப்பு அறுந்து தொங்கும், அது ஓடும் சர்வரே படுக்கும். ஃபார்வர்டு என்பது மெயில் சேவையின் ஃபில்டர் விதி. பராமரிக்க உங்கள் பக்கம் அதிகம் இருக்காது.

ஃபார்வர்டில் கவனிக்க வேண்டியவை உண்டு. ஜிமெயில் போன்ற சேவைகள், புது முகவரிக்கு ஃபார்வர்டு செய்யுமுன் அந்த முகவரிக்கே ஒரு சரிபார்ப்பு மெயில் அனுப்பும். இங்கே அந்த முகவரி பேஜர்டியூட்டியினுடையது, அங்கே மனிதர் யாரும் இல்லை. பதற வேண்டாம். அந்தச் சரிபார்ப்பு மெயிலே அங்கே ஒரு இன்சிடென்டாக (கவனிக்க வேண்டிய சம்பவப் பதிவு) திறக்கும். அதன் உள்ளே குறியீடு இருக்கும், எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பகலில் செய்யுங்கள், முறையில் இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது எஸ்பிஎஃப், ஒரு டொமைனின் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று பார்க்கும் சோதனை. அப்படியே ஃபார்வர்டு ஆகும் மெயிலில், உறையிலுள்ள அனுப்புநர் பழையவராகவே இருந்தால், அனுப்பும் சர்வர் வேறு என்பதால் எஸ்பிஎஃப் சோதனை தோற்கும். டிகேஐஎம் கையெழுத்து (மெயில் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) இருந்தால், மெயிலின் உள்ளடக்கத்தை யாரும் தொடாதவரை அது தப்பிக்கும். உங்கள் ரிலேவில் டிகேஐஎம் கையெழுத்து போடச் சொல்லிவிட்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீரும். இன்பாக்ஸ் பக்கம் இந்த அனுப்புநர்களுக்கு 'ஸ்பாமுக்கு அனுப்பாதே' விதியும் போட்டுவிடுங்கள். அலர்ட் மெயில் பார்ப்பதற்கு ஸ்பாம் மாதிரியே இருக்கும்: பெரிய எழுத்தில் சப்ஜெக்ட், ஒரு வரி உடல், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப.

முக்கியமானது, எல்லாவற்றையும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். சாதனங்களுக்கென்று தனி முகவரி உருவாக்குங்கள், யாருக்கும் எளிதில் ஊகிக்க முடியாத பெயரில். அந்த முகவரி தெரிந்த எவரும் நள்ளிரவில் உங்கள் டீமை எழுப்பலாம் என்பதை மனதில் வையுங்கள். செய்திமடலும் பில்லும் பழைய இன்பாக்ஸிலேயே இருக்கட்டும்.

ஒரே விஷயத்துக்கு வரிசையாக வரும் மெயில்களைப் பற்றி. பேஜர்டியூட்டியின் மெயில் இணைப்பில் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு இன்சிடென்ட் திறக்கலாம், அல்லது சப்ஜெக்டை வைத்தோ ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும்) விதியை வைத்தோ ஒன்றாகச் சேர்க்கலாம். சப்ஜெக்டை அப்படியே சாவியாக (ஒரே பிரச்சினை என்று அடையாளம் காணும் குறி) எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். பல சாதனங்கள் சப்ஜெக்டிலேயே நேரத்தையோ வரிசை எண்ணையோ போடும். அப்போது ஒவ்வொரு மெயிலும் புதுசு. சாதனத்தின் பெயர், பிரச்சினையின் வகை, இந்த இரண்டை மட்டும் பிரித்தெடுத்து சாவி ஆக்குங்கள். 'மின்சாரம் திரும்பியது' மாதிரி மெயில் வந்தால் அதே சாவியோடு மூடும் விதியும் எழுதுங்கள். திறக்கும் விதியை எழுதிவிட்டு மூடும் விதியை எழுதாமல் விட்டால், பழைய இன்சிடென்ட் திறந்தே கிடக்கும். அடுத்த வாரம் நிஜமாகவே மின்சாரம் போகும்போது அந்த மெயில் ஏற்கெனவே திறந்திருப்பதற்குள் சத்தமில்லாமல் போய் ஒட்டிக்கொள்ளும். போன் அடிக்காது. என்னைக் கேட்டால் ஒரு இரவில் பத்து தடவை எழுப்பப்படுவதைவிட இதுதான் ஆபத்து.

---

பதில்: இணைப்பு_993

மணிக்கூண்டு சொன்னதோடு எனக்கு உடன்பாடு. ஆனால் ஃபார்வர்டு செய்ய முடியாத இடங்களும் உண்டு: வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு செய்வதையே நிர்வாகி தடுத்திருப்பார். அப்படியானால் படிக்கும் நிரல்தான் வழி. அதை ஒழுங்காக எழுதவும் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

'படிக்காதது' என்ற கொடியை நம்புவதை முதலில் நிறுத்துங்கள். அது மனிதருக்கான அடையாளம். ஐமேப்பில் ஒவ்வொரு மெயிலுக்கும் யூஐடி என்று ஒரு எண் உண்டு, அந்தக் கோப்புறைக்குள் ஏறிக்கொண்டேதான் போகும். கடைசியாக எந்த யூஐடி வரை பார்த்தோம் என்று உங்கள் பக்கம் எழுதி வையுங்கள், அடுத்த முறை அதற்கு மேல் உள்ளதைக் கேளுங்கள். யார் போனில் திறந்தாலும் கவலை இல்லை. கூடவே யூஐடிவேலிடிட்டி என்ற எண்ணையும் சேமிக்க வேண்டும். கோப்புறை மறுபடி உருவாக்கப்பட்டாலோ மெயில் வேறு சர்வருக்கு மாறினாலோ அது மாறும், மாறினால் பழைய யூஐடிகளுக்கு அர்த்தம் இல்லை. மெயிலை எடுக்கும்போது 'பாடி' என்று கேட்காமல் 'பாடி.பீக்' என்று கேளுங்கள். வெறும் 'பாடி' கேட்டால் நிரலே மெயிலைப் 'படித்தது' ஆக்கிவிடும். காலையில் இன்பாக்ஸைத் திறக்கும் மனிதர் எதுவும் புதிதாக வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

5 நிமிடக் கிரானுக்குப் பதில் ஐடில் கட்டளையைப் பயன்படுத்தலாம். 1997இல் வந்த ஆர்எஃப்சி 2177. இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் புது மெயில் வந்ததும் சர்வரே சொல்லும். அந்த ஆவணமே, 29 நிமிடத்துக்கு ஒரு முறையாவது ஐடிலை முடித்து மறுபடி தொடங்கச் சொல்கிறது, ஏனென்றால் 30 நிமிடம் சும்மா இருக்கும் இணைப்பை சர்வர் துண்டிக்கலாம். நடைமுறையில் நான் 29 வரை போக மாட்டேன். இடையில் இருந்து முகவரி மாற்றும் நாட் ரவுட்டர் அதற்கு வெகு முன்பே இணைப்பை மறந்துவிடும், இரு முனைக்கும் தகவல் சொல்லாது. நிரல் காத்துக்கொண்டே இருக்கும், எதுவும் வராது, எந்தப் பிழையும் பதிவாகாது. சில நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். அதோடு ஐடிலை முழுமையாக நம்பாமல், குறித்த இடைவெளியில் யூஐடி வைத்து ஒரு தடவை நேரடியாகவும் கேளுங்கள். பைத்தானில் ஐமேப்கிளையன்ட் நூலகத்தில் ஐடில் வெகு நாளாக இருக்கிறது. பைத்தானோடு வரும் ஐமேப்லிப்பில் 3.14 பதிப்பில்தான் சேர்ந்தது.

பாஸ்வேர்ட் அறிவிப்பு எதிர்பார்த்ததுதான். மைக்ரோசாஃப்ட், தன் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் வெறும் பாஸ்வேர்ட் வழியை 2022 அக்டோபர் முதல் மூடத் தொடங்கியது. கூகுள் தனிநபர் கணக்குகளில் அதே ஆண்டு மே 30உடன் நிறுத்தியது. இனி பெரும்பாலும் ஓஆத் 2.0 தான், பாஸ்வேர்டுக்குப் பதில் அனுமதி டோக்கன் கொடுத்து உள்ளே வரும் முறை. கூகுளில் ஒரு பொறி இருக்கிறது. வெளிப் பயனருக்கான உங்கள் ஓஆத் செயலி 'டெஸ்டிங்' நிலையிலேயே இருந்தால் புது டோக்கன் வாங்கித் தரும் ரிஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகும். எல்லாம் அழகாக ஓடும், சரியாக ஒரு வாரம் கழித்து நின்றுவிடும். ஐமேப்பே வேண்டாம் என்று ஜிமெயில் ஏபிஐயின் (நிரல்கள் நேரடியாகப் பேசும் வழி) 'வாட்ச்' வசதிக்குப் போனாலும் அதே 7 நாள் கணக்கு உண்டு: வாரத்துக்கு ஒரு தடவையாவது புதுப்பிக்காவிட்டால் அறிவிப்பு நின்றுவிடும். தினமும் புதுப்பிக்கச் சொல்கிறது கூகுளின் கையேடு. அப்படியே செய்யுங்கள்.

அலர்ட்மேனேஜரில் நேரடியாகப் போடும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். அது, அலர்ட்டை அனுப்புபவர் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார் என்று எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. புரோமீதியஸ் அப்படித்தான் செய்கிறது. மெயில் ஒரு தடவைதான் வரும். முடிவு நேரம் குறிப்பிடாமல் ஒரே ஒரு தடவை அனுப்பினால், 'ரிசால்வ் டைம்அவுட்' தாண்டியதும் பிரச்சினை தீர்ந்தது என்று அதுவாகவே எடுத்துக்கொள்ளும். மாற்றாமல் விட்டால் அது 5 நிமிடம். டிஸ்க் பழுது 5 நிமிடத்தில் தானாகத் தீர்ந்துவிட்டதாகத் திரையில் தெரியும். முடிவு நேரத்தை நீங்களே தொலைவில் வைத்து அனுப்புங்கள், அல்லது பேஜர்டியூட்டியின் நிகழ்வு ஏபிஐக்கு நேராகப் போங்கள். அங்கே 'டிடூப் கீ' என்று ஒரு புலம் உண்டு, மணிக்கூண்டு சொன்ன சாவியை அதில் போடலாம். திறப்பதும் மூடுவதும் அதே சாவியில்.

வரிசையும் முக்கியம். முதலில் அலர்ட்டை அனுப்புங்கள், ஏபிஐ 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் சொன்ன பிறகு யூஐடியைச் சேமியுங்கள். இடையில் நிரல் செத்தால் அதே அலர்ட் இரண்டு தடவை போகும், சாவி ஒன்று என்பதால் தொல்லை இல்லை. தலைகீழாகச் செய்தால் அலர்ட் காணாமல் போகும்.

---

நடுநிசி_முறை

இருவருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரி இன்று மெனுக்களைத் தோண்டினேன். யூபிஎஸ்ஸிலும் நாஸிலும் எஸ்என்எம்பி இருக்கிறது, அணைத்து வைத்திருந்தார்கள். இரண்டும் புரோமீதியஸுக்கு வந்துவிட்டன. வெப்பநிலை சென்சாரில் ஒரு நிலைப் பக்கம் இருக்கிறது, அதையும் படிக்கத் தொடங்கிவிட்டேன். எங்கள் நிர்வாகி ஃபார்வர்டு செய்ய அனுமதி கொடுத்துவிட்டார், ஆகவே பேக்கப்பும் சான்றிதழும் அந்த வழியில்.

இன்னும் இரண்டு சந்தேகம். பேக்கப் வேலைகளுக்கு எங்கள் டீம் தமிழில் பெயர் வைத்திருக்கிறது. சப்ஜெக்ட் 'பேக்கப் தோல்வி: கணக்குத் தரவுத்தளம்' என்று வரும். ரெஜெக்ஸில் 'தோல்வி' என்று போட்டால் சில வேலைகளுக்குப் பிடிக்கிறது, சிலவற்றுக்குப் பிடிக்கவில்லை. கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

இரண்டாவதுதான் பெரியது. பேக்கப் தோற்றால் மெயில் வரும். பேக்கப் சர்வரே படுத்துவிட்டால் தோல்வி மெயிலும் வராதே?

---

பதில்: இணைப்பு_993

முதல் சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன். இரண்டு இடத்தில் பாருங்கள்.

ஆங்கிலம் அல்லாத சப்ஜெக்ட் மெயிலின் தலைப்பகுதியில் அப்படியே போவதில்லை, ஆர்எஃப்சி 2047 சொல்லும் முறையில் மாற்றி எழுதப்படும். ஒரு துண்டு அதிகபட்சம் 75 எழுத்து. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் 3 பைட், அதை பேஸ்64 (பைட்டுகளை ஆங்கில எழுத்தாக எழுதும் முறை) ஆக்கினால் 4 எழுத்து. துண்டின் தலையும் வாலும் 12 எழுத்தைத் தின்றுவிடும். மீதியில் 15 குறிக்கு மேல் அடங்காது. அதனால் உங்கள் சப்ஜெக்ட் எப்போதும் பல துண்டாகத்தான் வரும். மாற்றாத தலைப்பில் ரெஜெக்ஸ் ஓட்டினால் எதுவும் பிடிக்காது. ஒவ்வொரு துண்டையும் தனியாக மாற்றினாலும் ஆபத்து: சில மென்பொருள்கள் ஒரு குறியின் 3 பைட்டுக்கு நடுவிலேயே வெட்டிவிடும். வரையறை அதைத் தடை செய்கிறது, இருந்தாலும் செய்கிறார்கள். பைட்டுகளை முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் எழுத்தாக மாற்றுங்கள்.

உங்களுக்கு நடப்பது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். 'தோ'வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக, 0பிசிபி (0BCB). அல்லது ஏகார இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக, 0பிசி7உம் (0BC7) 0பிபிஇயும் (0BBE). திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றேதான். கணினிக்கு வேறு வேறு. தட்டச்சு செய்தவரின் விசைப்பலகையைப் பொறுத்தது. ஒப்பிடுமுன் சப்ஜெக்டையும் உங்கள் ரெஜெக்ஸையும் என்எஃப்சி என்ற சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். 'கொ', 'மௌ' வரிசைகளுக்கும் இதே கதை. நிரல் இல்லாமல் பேஜர்டியூட்டியின் விதியில் மட்டும் செய்வதானால், வேலைப் பெயர்களை எல்லாம் ஒரே விசைப்பலகையில் மறுபடி தட்டச்சு செய்வதுதான் எளிது.

---

பதில்: மணிக்கூண்டு

தம்பி, உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

மெயில் வழி அலர்ட்டில் இதுவரை பேசிய அத்தனை கோளாறுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே ஒன்றுதான்: எதுவும் வராது. டோக்கன் காலாவதி, ஸ்பாமில் விழுந்தது, ஃபில்டர் விதி அழிந்தது, ரிலேவில் வட்டு நிரம்பியது, சாதனத்தின் மெயில் அமைப்பில் பழைய பாஸ்வேர்ட். எல்லாமே அமைதி. நல்லபடியாக இருக்கும் இரவும் அமைதி. முறையில் இருப்பவரால் இரண்டையும் வேறுபடுத்தவே முடியாது. 'இன்றைக்கு ஒன்றும் வரவில்லை, நிம்மதி' என்று தூங்கப்போவார். எனக்கு இந்த நிம்மதியின் மேல் நம்பிக்கையே கிடையாது. ஆன்-கால் பார்க்கும் பிள்ளைகள் ராத்திரி தூங்க வேண்டும், ஆனால் அந்தத் தூக்கத்துக்கு அடியில் உண்மையான தரை இருக்க வேண்டும்.

ஆகவே பேக்கப்புக்கு விதியைத் திருப்பிப் போடுங்கள். தோல்வி மெயில் வந்தால் எழுப்பு என்பது இருக்கட்டும். அதைவிட முக்கியமானது, வெற்றி மெயில் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் எழுப்பு என்பது. பேக்கப் இரவு 2 மணிக்குத் தொடங்கி வழக்கமாக 3:30க்குள் முடியும் என்றால், 5 மணி வரை வெற்றி மெயில் வராதது ஒரு அலர்ட். சர்வர் படுத்திருந்தாலும், மெயில் வழியில் எங்கே அடைத்திருந்தாலும், யாரோ வேலையை நிறுத்தி வைத்துவிட்டு மறந்திருந்தாலும் இந்த ஒரு விதி பிடித்துவிடும்.

இதற்கென்றே சேவைகள் உண்டு. ஹெல்த்செக்ஸ்.ஐஓ என்று ஒன்று, மூலநிரல் திறந்தது, நீங்களே நிறுவிக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு சோதனைக்கும் தனி மெயில் முகவரி கிடைக்கும். அந்த முகவரிக்கு மெயில் வந்தால் 'உயிரோடு இருக்கிறது' என்று குறித்துக்கொள்ளும், எதிர்பார்த்த நேரமும் சலுகை நேரமும் தாண்டினால் கத்தும். சப்ஜெக்டிலோ உடலிலோ எந்தச் சொல் இருந்தால் வெற்றி, எது இருந்தால் தோல்வி என்றும் சொல்லி வைக்கலாம். உங்கள் பேக்கப் மென்பொருளை மாற்றாமல், வெற்றி மெயிலின் பெறுநரில் அந்த முகவரியைச் சேர்த்தாலே போதும். 'வெற்றி'யில் ஓகாரம் இல்லை என்பதால் மேலே சொன்ன தொல்லையும் இல்லை!

இது பேக்கப்புக்கு. மொத்த வழிக்கும் ஒரு நாடித்துடிப்பு வேண்டும். உள் சர்வர் ஒன்றிலிருந்து மணிக்கு ஒரு மெயில், சாதனங்கள் அனுப்பும் அதே ரிலே வழியாக, அதே முகவரிக்கு, அதே ஃபில்டர் தாண்டிப் போகட்டும். ஃபில்டரில் ஒரு விதி, இந்த மெயிலை மட்டும் துடிப்பைக் கவனிக்கும் சேவைக்குத் திருப்பிவிடும். துடிப்பு நின்றால் போன் அடிக்க வேண்டும். அந்தப் போன் அழைப்பு மெயில் வழியாகக் கிளம்பக் கூடாது, கவனிக்கும் சேவை உங்கள் சர்வர் அறைக்குள்ளேயும் இருக்கக் கூடாது. அறையில் மின்சாரம் போனால் கவனிப்பவரும் சேர்ந்து இருட்டில் நிற்பார். புரோமீதியஸ் பக்கமும் இதே ஏற்பாடு செய்யுங்கள். எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் 'வாட்ச்டாக்' அலர்ட் ஒன்றை வைத்து, அது வெளியே வந்து சேருகிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம்.

துடிப்புக்கு ஒரு எல்லை உண்டு. ரிலேயிலிருந்து அந்தப் பக்கம் சரியாக இருக்கிறது என்று மட்டும்தான் அது காட்டும். பேக்கப் மென்பொருளுக்கும் ரிலேக்கும் நடுவில் அறுந்திருந்தால் தெரியாது. அதனால் மாதம் ஒரு தடவை, பகலில், ஒவ்வொரு சாதனத்திலும் 'சோதனை மெயில் அனுப்பு' பொத்தானை அழுத்தி, முறையில் இருப்பவரின் போன் வரை வருகிறதா என்று பாருங்கள். இன்பாக்ஸ் வரை வந்தது போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். போன் அடிக்க வேண்டும்.

இன்னும் ஒரு சின்ன விஷயம், சுழற்சி. அலர்ட் சேவை 'இன்சிடென்ட் திறந்தது' என்று மெயில் அனுப்பும். அது அதே இன்பாக்ஸுக்கு வந்து, அதே விதியில் மாட்டி, மறுபடி இன்சிடென்ட் திறந்தால் முடிவே இல்லை. விடுமுறையில் இருப்பவரின் தானியங்கிப் பதிலும் இப்படிச் செய்யும். ஆர்எஃப்சி 3834 படி, தானாகப் பதில் அனுப்பும் மென்பொருள்கள் 'ஆட்டோ-சப்மிட்டட்' தலைப்பில் 'ஆட்டோ-ரிப்ளைட்' என்று போட வேண்டும், அது இருந்தால் தவிர்க்கலாம். எல்லோரும் போடுவதில்லை. அனுப்புநர் பட்டியல் வைத்து, அதில் இருக்கும் சாதனங்கள் மட்டுமே அலர்ட் திறக்கலாம் என்று கட்டுவது இன்னும் உறுதி.

சான்றிதழ் நினைவூட்டலுக்காக யாரையும் எழுப்ப வேண்டாம். 30 நாளில் காலாவதியாகப்போவதை இரவு 3 மணிக்கு யாரும் சரிசெய்யப்போவதில்லை. அதைக் காலை வேலைப் பட்டியலுக்கு அனுப்புங்கள். கூடவே புரோமீதியஸின் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் வைத்து, சான்றிதழின் மீதி நாளை நேரடியாக எண்ணாகப் பார்க்கலாம். அப்போது நினைவூட்டல் மெயிலே தேவைப்படாது.

---

நடுநிசி_முறை

அக்கா, துடிப்பு மெயில் இன்று மாலையிலிருந்து ஓடுகிறது. ரிலேவை நிறுத்திப் பார்த்தேன், போன் அடித்தது. தமிழ்ப் பெயர்களையும் ஒரே விசைப்பலகையில் மாற்றிவிட்டேன், எல்லாம் பிடிக்கிறது.

கடைசியாக ஒன்று. பேக்கப் மென்பொருள் இரண்டு சர்வரில் தனித்தனியாக ஓடுகிறது. இரண்டின் வெற்றி மெயிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று, எந்த சர்வர் என்ற தகவலே உள்ளே இல்லை. அனுப்புநர் முகவரியையும் மாற்ற முடியவில்லை. எப்படிப் பிரிப்பது?

---

பதில்: மணிக்கூண்டு

பெறுநர் முகவரியில் பிரியுங்கள். துடிப்பைக் கவனிக்கும் சேவையில் சர்வருக்கு ஒரு சோதனை வைத்தால் முகவரியும் தனித்தனியாகக் கிடைக்கும், முதல் சர்வரில் ஒன்றையும் இரண்டாவதில் மற்றதையும் போட்டுவிடலாம். உங்கள் சாதன இன்பாக்ஸுக்கு வரும் பிரதிக்கு, முகவரியில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு சர்வரின் பெயரைச் சேருங்கள். ஜிமெயில் அதை ஏற்கும். போஸ்ட்ஃபிக்ஸில் 'ரெசிப்பியன்ட் டிலிமிட்டர்' என்ற அமைப்பில் கூட்டல் குறியைக் கொடுத்தால் அதுவும் ஏற்கும். ஃபில்டர் விதியில் அந்தப் பெறுநர் முகவரியைப் பார்த்துச் சாவியைப் பிரித்துக்கொள்ளலாம். சில பழைய மென்பொருள்கள் முகவரிப் பெட்டியில் கூட்டல் குறியை அனுமதிக்காது. அப்படியிருந்தால் ரிலேவில் இரண்டு மாற்றுப் பெயர் உருவாக்கி, அவற்றிலிருந்து கூட்டல் குறி முகவரிக்குத் திருப்பிவிடுங்கள்.